மொட்டைவாலியின் மடு

கொள்ளிடத்துக் கரையில் ஜீப் ஏறியபோது பிற்பகல் வெயில் இன்னும் தணியவில்லை. கும்பகோணத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து வழியெல்லாம் வாய்க்கால்கள் வெடித்துக் கிடந்தன. போர் போட்டு வைத்திருப்பவர்களின் குறுவை நாற்றங்கால் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை காட்டியது. மேட்டூரில் தண்ணீர் திறந்து அது இங்கே வந்து சேர இன்னும் நாள் இருந்தது. ஆறு என்று சொல்லிக்கொள்ள மணல்தான் கிடந்தது. அந்த மணலின் ஓரத்தில், மேலப்படுகை ஊருக்கு நேர் கீழே, தென்கரையை ஒட்டி ஒரே ஒரு மடு. எந்தக் கோடையிலும் வற்றாத, அடி தெரியாத, கரும்பச்சைத் தண்ணீர்.

"ஒரு கொக்குகூட இல்ல, பாத்தீங்களா எழில்," என்றார் ஜீப்பை ஓட்டிவந்த ஜாஹித்.

எழில்மொழி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வைகாசி மாதத்தில் இந்த மடுவைச் சுற்றி நாரையும் கொக்கும் நீர்க்காகமும் மொய்க்கும். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் தண்ணீர் இல்லாதபோது அவை எங்கே போகும்? இன்று மணல் வெறிச்சென்று கிடந்தது. ஒரு பறவையின் கால் தடம்கூட இல்லை.

அவள் முதலைகளை ஆராய்பவள். கூடப் படித்தவர்கள் புலி, சிறுத்தை என்று மலைக்காடுகளுக்குப் போனார்கள். இந்த நெல் நாட்டில் மிச்சமிருக்கும் ஒரே பெரிய ஊனுண்ணி கொள்ளிடத்து முதலைதான் என்று சொல்லி, அதன் பின்னாலேயே அலைந்தவள் அவள். அது எங்கே முட்டையிடுகிறது, எதைத் தின்கிறது, ஆடு மாடு மேய்க்கிறவர்களோடு மோதாமல் அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் அவள் வேலை. ஜாஹித் கூத்தாநல்லூர்க்காரர், கால்நடை மருத்துவர். முதலைகளைப் பிடித்து, பிடரியில் உள்ள தடித்த செதில்களோடு சேர்த்து ரேடியோ கருவியைக் கட்டிவிடுவது அவர் பொறுப்பு.

அப்படிக் கருவி கட்டிய முதலைகளில் மூத்தது மொட்டைவாலி. என்றைக்கோ நடந்த சண்டையில் வால்நுனியை இழந்திருந்தது. பெயர் ஊர்க்காரர்கள் வைத்தது. ஒவ்வொரு பங்குனியிலும் மடுவுக்கு மேலே உள்ள மேட்டில் குழி பறித்து முட்டையிடும். வைகாசியில் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே கூப்பிடத் தொடங்கும். அந்தக் குரல் கேட்டதும் எங்கிருந்தாலும் வந்து, மண்ணைக் கிளறி, ஒவ்வொரு குஞ்சாக வாயில் ஏந்தித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். மாட்டின் தொடை எலும்பை நொறுக்குகிற வாய் அது. மூங்கில் புதருக்குள் உட்கார்ந்து அதை முதன்முறை பார்த்தபோது எழில்மொழி அழுதிருக்கிறாள்.

கருவி உயிருள்ள விலங்கின் மேல் இருக்கும்வரை நிதானமாகத் துடிக்கும். டிக்… டிக்… என்று. விலங்கு வெகுநேரம் அசையாமல் கிடந்தால் துடிப்பு இரண்டு மடங்கு வேகமாகிவிடும். செத்துவிட்டது என்று அதற்குப் பொருள். சென்ற வாரம் ஜாஹித் இந்தப் பக்கம் வந்தபோது மொட்டைவாலியின் அலைவரிசையில் கேட்டது அந்த வேகத் துடிப்புதான்.

மீன் வளர்க்கும் நாகநாதனின் வீடு மடுவுக்கு மேலே, கரையிலேயே இருந்தது. பழைய ஓட்டு வீடு. அதை ஒட்டி, சுவரெழுப்பித் தளம் போட்டு, பூச்சு வேலை தொடங்காமல் நிற்கும் புது வீடு. பின்னால் வரிசையாக மீன் குட்டைகள். ஊரில் தங்குவதற்கு வேறு இடம் இல்லாததால் எழில்மொழி எப்போது வந்தாலும் அங்கேதான் பின்கட்டு அறையைக் கேட்டு வாங்குவாள். முதல் தடவை வந்தபோது நாகநாதன் அவளிடம், "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டு, பதில் சொன்னதும், "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டிருந்தார். அவள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றியிருந்தாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. மரியாதைக்கும் குறைச்சல் இல்லை.

"வாங்க மேடம். வாங்க டாக்டர். மங்களம், காபி கொண்டா."

"மொட்டைவாலியப் பாத்தீங்களா சார்?" என்று உட்காரும் முன்பே கேட்டாள்.

"அதப் பாத்து நாளாச்சு. தண்ணி தேடி அணைக்கர பக்கம் போயிருக்கும்."

காபி கொண்டுவந்த அவர் மனைவி மங்களாம்பிகை கணவனை ஒரு பார்வை பார்த்தாள். கண்களுக்குக் கீழே கருவளையம் விழுந்து, பல நாள் தூங்காதவள்போல் இருந்தாள்.

அப்போது புது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

மெல்லிய, தொண்டைக்குள் அடைபட்ட சத்தம். ங்யாவ்… ங்யாவ்… என்று. எழில்மொழிக்கு மயிர் கூச்செறிந்தது. அது அவளுக்கு மிகவும் பழக்கமான குரல். முட்டைக்குள்ளிருந்து கூப்பிடும் முதலைக் குஞ்சின் குரல்.

"அது என்ன சத்தம்?"

கணவன் மனைவி இருவருமே அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். நாகநாதனின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

"பூன," என்றார். "பூன குட்டி போட்டிருக்கு."

வெயில் இறங்கியதும் இருவரும் மேட்டுக்குப் போனார்கள். கோரையை விலக்கிக்கொண்டு ஏறும்போதே நாற்றம் வந்தது. அழுகிய முட்டை நாற்றம், அதோடு மண்ணெண்ணெய் வாடை.

குழி திறந்து கிடந்தது. நரியோ உடும்போ தோண்டியிருந்தால் ஓரம் சிதைந்திருக்கும். இது மண்வெட்டியால் நேராக வெட்டிய குழி. கொஞ்சம் தள்ளி, குட்டைகளைப் பார்த்த சரிவில், ஓடுகள் மிதிபட்டுக் குவிந்திருந்தன. உள்ளே இருந்தவை முழு வளர்ச்சி அடைந்த குஞ்சுகள். இன்னும் சில நாளில் வெளியே வந்திருக்க வேண்டியவை. பாதி எரிந்து, வாய் திறந்து, தோல் சுருங்கி எறும்பு மொய்த்துக் கிடந்தன.

எழில்மொழி மண்டியிட்டு உட்கார்ந்தாள். கருகிய ஒரு குஞ்சைக் கையில் எடுத்தாள். விரல் நீளம்கூட இல்லாத அதன் கால்களில் நகங்கள் முளைத்திருந்தன. ஆராய்ச்சி, சட்டம், புகார் எல்லாம் அந்த நேரத்தில் எங்கோ போய்விட்டன.

மடுவைப் பார்த்து, வாய்க்குள் சொன்னாள்.

"எவன் செஞ்சானோ, அவன விடாத."

காற்று இல்லை. கோரை அசையவில்லை.

மடுவின் நடுவில் ஒரு வளையம் எழுந்து, மெதுவாக விரிந்து, கரையைத் தொட்டது.

ஜாஹித் அதைப் பார்க்கவில்லை. அவர் ரிசீவரைத் திறந்து ஆண்டெனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார். உடனே சத்தம் கிளம்பியது. டிக்டிக்டிக்டிக். சாவின் துடிப்பு. ஆண்டெனாவைத் திருப்பத் திருப்ப அது குட்டைகளின் பக்கம் ஓங்கியது. இருவரும் அந்தத் திசையில் நடந்தார்கள்.

கடைசிக் குட்டையின் கரையில், காட்டாமணக்குப் புதருக்கு அடியில், கருவி கிடந்தது. செங்கல்லால் நசுக்கப்பட்டு, ஓடு பிளந்து, உள்ளே இருந்த பேட்டரி வெளியே வந்து துருப்பிடித்திருந்தது. பக்கத்தில் முளைக்குச்சிகள். அவற்றில் சுற்றிய கம்பி, மோட்டார் ஷெட்டுக்குப் போயிற்று.

"கரண்ட் வச்சிருக்கானுங்க," என்றார் ஜாஹித். குனிந்து கருவியை எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழில்… இது ஒடஞ்சு பத்து பதினஞ்சு நாளாவது இருக்கும்."

"தெரியுது."

"ஒடச்ச அன்னைக்கே சிக்னல் நின்னிருக்கணும். நான் போன வாரம் கேட்டேன். இப்பவும்…"



கருவி அவர் உள்ளங்கையில் இரண்டு துண்டாகக் கிடந்தது.

ரிசீவர் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

டிக்டிக்டிக்டிக்.

ஆண்டெனா மெல்லத் திரும்பியது. தான் திருப்பவில்லை, கை தானாகப் போயிற்று என்று ஜாஹித் பிறகு சொன்னார். அது நின்ற திசையில் நாகநாதனின் புது வீடு இருந்தது. பூசாத செங்கல் சுவர்களும், கதவு வைக்காத நிலைவாசலும், அதற்குள் முன்னிருட்டும்.

அன்று இரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. விடிந்ததும் ஜாஹித் வனத்துறையில் புகார் எழுதிக் கொடுக்கக் கும்பகோணத்துக்குப் புறப்பட்டார். "நீங்களும் வந்துடுங்க," என்று வற்புறுத்தினார். எழில்மொழி மறுத்துவிட்டாள். யாருமில்லாவிட்டால் கம்பியையும் முளைகளையும் ஒளித்துவிடுவார்கள் என்றாள். அது உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணமில்லை. அவளுக்கு நாகநாதனின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

கிணற்றடியில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மங்களாம்பிகை பக்கத்தில் வந்து நின்றாள். குடத்தைக் கீழே வைக்கவில்லை. தண்ணீர் எடுக்க வந்தவள்போலவே நின்றுகொண்டு, உதட்டை அசைக்காமல் பேசினாள்.

"ஏம்மா, போன வருஷம் பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டீங்களே. முதல பத்தி."

"ஆமாங்கக்கா."

"குஞ்சு கூப்புடுற சத்தம் போட்டுக் காட்டுனீங்க. எங்க இருந்தாலும் தாய் வந்துடும், அதனால அந்தச் சத்தம் கேட்டா யாரும் மேட்டுப்பக்கம் போவாதீங்கன்னு சொன்னீங்க. அப்பறம் வாட்ஸாப்புல எல்லாருக்கும் அனுப்பி வச்சீங்க."

எழில்மொழியின் ஈரக்கை அப்படியே நின்றது.

"அதத்தான் இவரு ஸ்பீக்கர்ல போட்டாரு. கம்பிக்கு அந்தப் பக்கம் வச்சு. அது படுகையிலேர்ந்து ஓடியாந்துச்சு. அவ்ளோ பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டு எப்புடித்தான் அப்புடி ஓடுச்சோ."

"அப்பறம்?"

"கம்பியில விழுந்துருச்சு. உசுரு போவல. அது கண்ணு முன்னாலயே முட்டையெல்லாம் கொண்டாந்து கொட்டி…" மங்களாம்பிகை குடத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். "வேணாங்கன்னேன். கேக்கல. புது வீட்டுக் கூடத்துல மணல் நெரவிக்கிட்டு இருந்தாங்க. அங்கயே பள்ளம் பறிச்சுப் போட்டு மூடி, மேல சிமென்டுத் தளம் போட்டுட்டாரு."

வேலிக்கு அப்பால் எங்கோ செம்போத்து கத்தியது.

"அன்னையிலேர்ந்து எம்பொண்ணு கூப்புடறா," என்றாள் மங்களாம்பிகை.

"பூவிழியா? அவங்க கோயமுத்தூர்ல இல்ல வேல பாக்கறாங்க?"

"ஆமா. அங்கதான் இருக்கா. நல்லாத்தான் இருக்கா. ஆனா இங்க, அந்த வீட்டுக்குள்ளேர்ந்து, சின்னப்புள்ளையில கூப்புடுவாளே, அந்தக் கொரலு. உச்சி வெயில்ல. அப்பா, இங்க வாங்கப்பாங்குது." அவள் கண்கள் நிறைந்தன. "அவருக்கும் கேக்குது. எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்குறாரு."

முந்தைய நாள் பிற்பகலில் தனக்குக் கேட்டது குஞ்சின் குரல்தான் என்பதை எழில்மொழி அவளிடம் சொல்லவில்லை.

நாகநாதன் குட்டைக்கரையில் நின்று தீவனம் வீசிக்கொண்டிருந்தார். மீன்கள் மேலே வரவில்லை. உருண்டைகள் தண்ணீரில் மிதந்து ஊறிக்கொண்டிருந்தன.

எழில்மொழி நசுங்கிய கருவியை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார். மறுக்கவில்லை.

"கன்னுக்குட்டிய கயித்தோட இழுத்துட்டுப் போச்சு," என்றார். "குட்டையில எறங்கி மீனப் பூரா தின்னுச்சு. நீங்க வந்து ஃபோட்டோ புடிச்சீங்க. வேலி போட்டுத் தரச் சொல்றேன்னீங்க. வந்துச்சா வேலி?"

"வரல. நான் எழுதிக்கிட்டேதான் இருந்தேன்."

"நீங்க எழுதுவீங்க. நான் என்ன பண்றது? அது உங்களுக்கு ஆராய்ச்சி. எனக்குச் சோறு."

அதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் அவள் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"அதக் கொன்னீங்க சரி. முட்டைய எதுக்கு அது முன்னால கொண்டாந்து வச்சு ஒடச்சீங்க?"

நாகநாதன் தீவனக் கூடையைக் கீழே வைத்தார். அவர் பேசியபோது அந்தக் குரலில் இருந்த திமிர் போய்விட்டிருந்தது.

"ஆத்திரம். அப்ப ஆத்திரம். அது கத்தல மேடம். பாத்துக்கிட்டே கெடந்துச்சு. மண்ணத் தள்ளி மூடுறப்பவும் கண்ண மூடல." அவள் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேக்குறேன். நீங்க படிச்சவங்க. முதல கொரல் மாத்திக் கூப்புடுமா?"

"கூப்புடாது."

"அப்ப எம்பொண்ணு கொரல்ல கூப்புடுறது யாரு?"

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நிழல்கள் காலடியில் சுருண்டுவிட்டன. அவர் கண்களில் இருந்தது பயம், அதற்கும் அடியில் ஒரு கெஞ்சல். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அங்கே போகாதீங்க, பொண்ணுகிட்ட ஃபோன் பண்ணிப் பேசுங்க, கொஞ்ச நாள் ஊர விட்டுப் போய் இருங்க என்று ஏதாவது. எழில்மொழிக்கு அது தெரிந்தது. அதே சமயம் உள்ளங்கையில் முந்தைய நாள் எடுத்த கருகிய குஞ்சின் எடை இன்னும் இருந்தது. அவள் அனுப்பிய குரலை வைத்தே அந்தத் தாயை இவர் வரவழைத்திருக்கிறார்.

"போயித்தான் பாருங்களேன்," என்றாள்.

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பின்கட்டை அடையும்போது அவளுக்கு அந்தக் குரல் கேட்டது. ங்யாவ்… ங்யாவ்… இந்த முறை ஒன்றல்ல. ஒரு குழி நிறையக் குஞ்சுகள் ஒன்றாகக் கூப்பிடும் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். நாகநாதன் தலையைச் சாய்த்து நின்றிருந்தார். முகம் இளகியிருந்தது. தொலைந்த பிள்ளையைச் சந்தைக் கூட்டத்தில் கண்டுகொண்டவனைப்போல.

"வரேன்டா கண்ணு," என்றார்.

அவர் புது வீட்டை நோக்கி நடந்தார். நடை ஓட்டமாயிற்று. துண்டு தோளிலிருந்து நழுவி விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

எழில்மொழி நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள்.

அடுப்படியிலிருந்து மங்களாம்பிகையின் அலறல் வந்தது. அவள் கையில் ஃபோன் இருந்தது. திரையில் பூவிழியின் முகம், அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்து, என்னம்மா, என்னாச்சும்மா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏங்க, போவாதீங்க. பூவிழி ஃபோன்ல இருக்கா. இங்க இருக்கா. ஏங்க…"

அதற்குப் பிறகுதான் எழில்மொழியின் கால்கள் அசைந்தன. ஓடினாள். முற்றத்தைத் தாண்டி, ஜல்லிக் குவியலைத் தாண்டி, நிலைவாசல்வரை ஓடினாள்.

உள்ளே நண்பகலில் இருட்டாக இருந்தது. ஜன்னல் திறப்புகளில் சென்ட்ரிங் பலகை அடித்திருந்தார்கள். அந்த இருட்டிலிருந்து ஒரு குளிர் வந்து முகத்தில் அடித்தது. பாசி வாடை. மடுவின் அடிச்சேற்று வாடை. மண்ணெண்ணெய்.

தண்ணீர் அடிபடும் சத்தம்.

கனத்த உடல் ஒன்று தண்ணீரில் உருள்கிற, வாலால் அடிக்கிற சத்தம். இரையைக் கவ்விய முதலை அப்படித்தான் சுழலும். ஒருமுறை. இன்னொரு முறை. நடுவில் ஒரு மனிதக் குரல் 'அ' என்று தொடங்கி, குமிழியிட்டு அடங்கியது.

பிறகு அமைதி.

அவள் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே கால் வைத்தாள். பாதத்துக்குக் கீழே சிமென்ட் தளம் காய்ந்து, சூடாக இருந்தது. கூடத்தின் நடுவில் நாகநாதன் கிடந்தார். அவரைச் சுற்றி மட்டும் ஈரம். வேட்டி சட்டையெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தன. வாயோரத்தில் பச்சைப் பாசி வழிந்தது. வலது கை தோளிலிருந்து முழுவதுமாகத் திருகி, உள்ளங்கை தப்பான பக்கம் பார்த்துக் கிடந்தது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

ஈரம் அவரோடு முடியவில்லை. அகலமான வயிறு இழுபட்ட தடமாக அது கூடத்தைக் கடந்து, பின்சுவர்வரை போயிற்று. நடுவில் வால் இழுத்த கோடு. அதன் நுனி கூராக முடியவில்லை. மழுங்கி, சற்றே இடப்பக்கம் வளைந்திருந்தது.

அந்தக் கோட்டை எத்தனையோ காலைகளில் ஆற்று மணலில் அவள் பார்த்திருக்கிறாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. வெயில்தான்.

மருத்துவமனையில் நுரையீரல் நிறைய ஆற்றுத் தண்ணீர் என்றார்கள். குட்டையில் தவறி விழுந்து, தட்டுத்தடுமாறி ஏறி, வீட்டுக்குள் வந்து விழுந்து செத்திருப்பார் என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். குட்டைத் தண்ணீர் இடுப்பளவுதானே, கை எப்படித் திருகிற்று என்று யாரும் கேட்கவில்லை. மங்களாம்பிகையும் எழில்மொழியும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் எழுதிக்கொள்ள அவர்களிடம் இடமும் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் பூவிழி ஆட்களைக் கூப்பிட்டாள். "அத எடுத்து ஆத்துலயே விட்டுடலாம், அம்மா ராவெல்லாம் தூங்க மாட்டேங்குறாங்க," என்றாள். ஆட்கள் கூடத்துத் தளத்தை உடைத்தார்கள். வனத்துறைக்காரர்கள் வந்து நின்றார்கள். ஜாஹித் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்.

எலும்பு இல்லை. தோல் இல்லை. ஒரு செதில்கூட இல்லை. சிமென்டுக்கு அடியில் மணல் ஈரமாக இருந்தது. அந்த மணலில் மூக்கு முதல் மொட்டை வால்வரை முழு உருவமாக, அச்சு வார்த்தாற்போல் ஒரு வெற்றிடம். அதன் வயிற்றுப் பக்கத்திலிருந்து ஆற்றை நோக்கி ஒரு பொந்து போயிற்று. ஜாஹித் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் போன தூரம்வரை பொந்து போயிற்று.

மேலே ஏறி வந்ததும் அவர் ரிசீவரைத் திறந்தார்.

துடிப்பு மாறியிருந்தது.

டிக்… டிக்…

நிதானமாக. உயிருள்ள விலங்கின் துடிப்பு.

ஜாஹித் ரிசீவரை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, ஜீப்பின் பின்பக்கம் போட்டார். "இனிமே இந்த ஊருக்கு நான் வரல எழில்," என்றார். "நீங்களும் வராதீங்க."

எழில்மொழியும் போகக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் நாகநாதனின் முகம் விடவில்லை. 'வரேன்டா கண்ணு' என்று அவர் சொன்னபோது அந்த முகத்தில் இருந்த அன்பு விடவில்லை. அவரைக் கொன்றது எது என்று யார் கேட்டாலும் அவளுக்கு முதலில் நினைவு வந்தது தன் வாயிலிருந்து வந்த இரண்டே சொற்கள்தான். நின்றுகொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் தான் என்ன நினைத்தோம் என்பதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

மேட்டூர் திறந்தது. கர்நாடகத்தில் மழை பிடித்துக்கொண்டதால் ஆடியில் உபரித் தண்ணீர் கொள்ளிடத்துக்குத் திரும்பியது. மணல் மறைந்து கரைக்குக் கரை செந்நிறத் தண்ணீர் போயிற்று. மடு எங்கே இருந்தது என்றே தெரியாமல் போயிற்று.

ஆடிப்பெருக்கு அன்று காலையில் அவள் தனியாகப் பேருந்தேறி மேலப்படுகைக்கு வந்தாள். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்களெல்லாம் வந்திருந்தார்கள். புது மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, தேங்காய், காப்பரிசி, சித்திரான்னத் தூக்குகள். பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். முதலை நடமாட்டம் உள்ள பகுதி என்ற வனத்துறைப் பலகைக்கு யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். மங்களாம்பிகை பூவிழியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எழில்மொழியைப் பார்த்துத் தலையசைத்தாள். கொஞ்சம் தேறியிருந்தாள்.

எழில்மொழி கூட்டத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, கடைசிப் படியில் இறங்கி நின்றாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. குனிந்து, யார் காதிலும் விழாமல் சொன்னாள்.

"போதும். தப்பு என்னோடதுதான். தீந்துருச்சு. விட்டுடு."

ஆறு போய்க்கொண்டிருந்தது. ஒரு மாலை மிதந்து வந்து அவள் காலில் தட்டிவிட்டு நகர்ந்தது. மனசு கொஞ்சம் லேசாவதுபோல் இருந்தது.

அப்போது மிதந்துபோன மாலை நின்றது.

ஓடும் தண்ணீரில், நட்டாற்றில், அது அப்படியே நின்றது. அதைச் சுற்றி ஒரு வளையம் விரிந்தது.

ங்யாவ்…

பக்கத்தில் அதுவரை இருந்த பேச்சும் சிரிப்பும் குலவையும் நின்றுபோயிருந்தன. மெல்லத் தலையைத் திருப்பினாள்.

படித்துறையில் இருந்த பிள்ளை பெற்ற பெண்கள் அத்தனை பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைகள் ஒரே மாதிரி சாய்ந்திருந்தன. எல்லார் முகத்திலும் ஒரே இளக்கம். மங்களாம்பிகை எழுந்து நின்றிருந்தாள். பூவிழி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

மேல் படியில் ஒருத்தி தாம்பாளத்தைக் கீழே நழுவவிட்டாள். தேங்காய் படிகளில் உருண்டு தண்ணீரில் விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி.

அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பெண் அண்ணாந்து பார்த்துச் சொன்னது.

"அம்மா, நான் இங்கதானம்மா இருக்கேன்."